இதரச் செலவு

அல்ஜீப்ரா என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்குப் பழைய பகையாளியின் பெயரைக் கேட்டது போல் முகம் சுருங்கிவிடுகிறது. பள்ளிப் படிப்பு முடிந்த அன்றே அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டு, "விட்டது சனியன்!" என்று பெருமூச்சு விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. "அறுபது வயசு தாண்டிவிட்டது ஐயா! இன்றுவரை ஒரு நாளாவது இந்த எக்ஸும் ஒய்யும் எனக்கு உபயோகப்பட்டதுண்டா, சொல்லும்!" என்று சவால் விடுவார்கள்.

தினந்தோறும் உபயோகப்பட்டிருக்கிறது என்பது என் பதில். மாதம் பிறந்து சம்பளமோ பென்ஷனோ கைக்கு வந்தவுடன், "வாடகை போக, பால் போக, மளிகை போக, மீதி எவ்வளவு நிற்கும்?" என்று வீட்டில் ஒரு கேள்வி எழுகிறதல்லவா? அதுதான் சமன்பாடு. அந்த "எவ்வளவு" என்பதுதான் எக்ஸ். புருஷன் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திய பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். அதே மாதிரி, பெயரைச் சொல்லாமலே நாம் அல்ஜீப்ராவுடன் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு "நேரிய சமன்பாடு" என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு விலை என்றால் இரண்டு லிட்டருக்கு அதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று லிட்டருக்கு மூன்று மடங்கு. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் கோடு எங்கும் வளையாது, நேராகப் போகும். அவ்வளவுதான் "நேரிய" என்பதன் பொருள். வாடகை இருக்கிறதே, அது நீங்கள் வீட்டில் இருந்தாலும் கொடுக்க வேண்டும், காசிக்குப் போய்விட்டாலும் கொடுக்க வேண்டும். ஆகவே குடும்பச் செலவு என்பது பெரும்பாலும் இரண்டே ரகம்: அசையாமல் உட்கார்ந்திருக்கிற தொகை ஒன்று, அளவோடு சேர்ந்து ஏறி இறங்குகிற தொகை ஒன்று. இரண்டையும் கூட்டினால் நேரிய சமன்பாடு முடிந்துவிட்டது.

இது ஏதோ கப்பலில் வந்த சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். காரி நாயனார் செய்த கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பலாப்பழம் அந்தக் கணக்குக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படுகிறது என்பது பலாப்பழத்தின் இஷ்டம். ஆனால் அது சுத்தமான நேரிய சமன்பாடு என்பதில் சந்தேகமில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று ரூபாயை 192 துண்டாக நறுக்கி வைத்திருந்த காலம் 1957 ஏப்ரல் முதல் தேதி வரையில் இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுச் செலவைச் சமாளித்த ஸ்திரீகளுக்கு அதற்குப் பிறகு வந்த நயா பைசாக் கணக்கு குழந்தை விளையாட்டாகத்தான் இருந்திருக்கும்.

ஆரியபடர் 499-ஆம் ஆண்டில், தம்முடைய இருபத்து மூன்றாவது வயதில், ஆரியபடீயத்தை எழுதினார். அதில் இப்படி ஒரு கணக்குக்கு வழி சொல்லியிருக்கிறார். இரண்டு பேரிடம் ஒரே மாதிரிப் பண்டம் வெவ்வேறு எண்ணிக்கையில் இருக்கிறது. கையில் ரொக்கமும் வெவ்வேறாக இருக்கிறது. ஆனாலும் இருவர் சொத்தும் மொத்தத்தில் சமம். அப்படியானால் பண்டம் ஒன்றின் விலை என்ன? ரொக்கத்தில் உள்ள வித்தியாசத்தைப் பண்டத்தில் உள்ள வித்தியாசத்தால் வகுத்துவிடு என்கிறார். இன்றைக்கும் "மொத்தமாகக் கட்டினால் லாபமா, அன்றாடம் கொடுத்தால் லாபமா?" என்று நாம் தலையைச் சொறிகிற இடத்திலெல்லாம் இந்த வகுத்தல்தான் வேலை செய்கிறது. பிரமகுப்தர் 628-இல் இன்னொரு காரியம் செய்தார். பூஜ்யத்துக்கு மேலே உள்ள எண்ணைத் தனம் என்றும், கீழே உள்ள எண்ணை ருணம் என்றும் வைத்துக்கொண்டு விதிகள் எழுதினார். ருணம் என்றால் கடன். மாதக் கடைசியில் எக்ஸைக் கண்டுபிடித்து, அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால், அதற்கு என்ன பெயர் என்று நமக்கு அவர் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

அல்ஜீப்ரா என்ற பெயர் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞரின் நூலிலிருந்து வந்தது. அவர் அந்த நூலை எழுதியது எதற்கு? பாகப் பிரிவினை, உயில், வழக்கு, வியாபாரம் ஆகியவற்றில் மனிதர்களுக்கு அன்றாடம் வேண்டியிருக்கிற கணக்கு என்று அவரே முன்னுரையில் தெரிவித்திருக்கிறார். புத்தகத்தில் பெரும்பகுதி சொத்தை வாரிசுகளுக்குப் பங்கு போடுகிற கணக்குகள்தாம். "அல்-ஜபர்" என்ற சொல்லுக்கு அராபியில், பிசகினதைச் சேர்த்து வைப்பது என்று பொருள். முறிந்த எலும்பைக் கூட்டி வைப்பதற்கும் அதே சொல். நம் பக்கத்தில் கை கால் முறிந்தவர்கள் புத்தூர்க் கட்டுக்கு ஓடுகிறார்கள் அல்லவா? அல்ஜீப்ரா என்பது குடும்பக் கணக்குக்குப் போடுகிற புத்தூர்க் கட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

தெரியாத தொகைக்கு எக்ஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. பிரெஞ்சுக்காரரான டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலினால் அது நிலைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே நம் நாட்டுக் கணித நூல்களில் அதன் பெயர் "யாவத் தாவத்". எவ்வளவோ அவ்வளவு என்று அர்த்தம். ஒன்றுக்கு மேல் தெரியாதவை இருந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வர்ணங்களின் பெயரை வைத்தார்கள். எனக்கு "எக்ஸ்" என்பதைவிட "எவ்வளவோ அவ்வளவு" என்ற பெயர்தான் பிடித்திருக்கிறது. அதில் ஒரு குடும்ப வாசனை இருக்கிறது. "இருக்கிறதைப் பார்த்துக்கொள்ளலாம்", "மிஞ்சினால் பார்ப்போம்" என்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, அதே வாசனை.

ஆனால் அந்தப் பெயரில் ஒரு அபாயமும் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குக் கோவில்பட்டியில் ஒரு அண்ணாச்சியின் வீட்டில்தான் தெளிவாயிற்று.

அண்ணாச்சி அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. 1979-ஆம் வருஷத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் வீட்டுச் செலவை எழுதி வருகிறார். எந்த வருஷத்தில் கத்தரிக்காய் என்ன விலை விற்றது என்று கேட்டால் அலமாரியிலிருந்து நோட்டை உருவிப் பதில் சொல்லிவிடுவார். மகனும் மருமகளும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். பேத்தி மட்டும் தாத்தா ஆச்சியோடு இருந்து படிக்கிறாள். 2024 ஜனவரியில், தைப்பூசத்தன்று, நான் அங்கே போயிருந்தேன். பள்ளிக்கூடம் விடுமுறை. ஒன்பதாம் வகுப்பில் இருந்த பேத்தி நோட்டும் பேனாவுமாக வந்து தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரவர் வீட்டிலிருந்து ஒரு நேரிய சமன்பாடு எழுதிக்கொண்டு வரும்படி டீச்சர் சொல்லியிருந்தாராம்.

"இதென்ன பிரமாதம்! எழுதிக்கோ தாயி" என்று அண்ணாச்சி உற்சாகமாக ஆரம்பித்தார். பென்ஷன் 28,000. வாடகை 8,000. மளிகை 6,000. காய்கறி 3,000. பால் 2,000. சீட்டு 3,000. மின்சாரமும் காஸும் 1,800. பள்ளிக்கூட வேன் 1,500. போன், டி.வி. 700. நோட்டைப் பார்க்காமலே மளமளவென்று சொன்னார். பேத்தி கூட்டினாள். 26,000 வந்தது.

"மீதி 2,000 எதுக்கு, தாத்தா?"

"அது இதர."

"இதரன்னா?"

"மொய் வரும். ஆச்சி மாத்திரை வரும். எல்லாம் ஆச்சி பாத்துக்கிடுவா."

குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மொய் எக்ஸு, மாத்திரை ஒய்" என்று சொல்லி, எக்ஸ் கூட்டல் ஒய் சமம் 2,000 என்று அழகாக எழுதினாள். எழுதிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுக்கு விடை ஒண்ணா வராது, தாத்தா. ரெண்டு தெரியாதது இருக்கு, சமன்பாடு ஒண்ணுதான் இருக்கு. எத்தனை விடை வேணும்னாலும் சொல்லலாம். ரெண்டும் ஆயிரம் ஆயிரமா இருக்கலாம். எக்ஸ் ரெண்டாயிரம்னா ஒய் பூஜ்யம்."

அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது: "தை மாசம் அப்படித்தாம்ட்டீ வரும்!"

மதினி வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தை எழுந்து போய், சுவாமி படத்துக்குக் கீழே இருந்த மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். ரத்தக் கொதிப்பு மாத்திரை 30 வாங்கியது ஐந்தாம் தேதி சாயங்காலம். மருந்துக் கடைச் சீட்டு டப்பாவுக்குள்ளேயே இருந்தது. காலைக்கு ஒன்று. ஆறாம் தேதியிலிருந்து அன்றைய காலை வரையில் 20 நாள். பத்து மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தாள், 20 இருந்தது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுதியளா, ஆச்சி?"

மதினி பதில் சொல்லவில்லை. மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் தலை சுற்றிக் கீழே விழுந்திருந்தாள். நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. பனி என்று ஒருவர் சொன்னார்; வயசு என்று ஒருவர் சொன்னார்; கண் திருஷ்டி என்றுகூடச் சொல்லிச் சுற்றிப் போட்டார்கள். இத்தனை காரணங்களில் ஒருவருக்கும் தோன்றாத காரணம் ஒன்பதாம் வகுப்பு நோட்டில் ஒரு வரியாக வந்து நின்றது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கொடுமைக்காரர் அல்ல. மனைவிக்கு ஒரு குறை வைக்கக் கூடாது என்று நினைக்கிறவர். வெற்றிலை பாக்கு வாங்கிய ஐந்து ரூபாய்கூட அவர் நோட்டில் தேதி வாரியாக இருக்கிறது. ஆனால் நாற்பத்தைந்து வருஷமாக அந்த நோட்டில் ஒரு வரிக்கு மட்டும் விவரம் கிடையாது. இதர.

"இதென்ன பெரிய விஷயம்! மாத்திரையைக் கொறச்சுப் போட்டா ஆளா செத்துருவாவ? தை மாசம் நாலு கல்யாணம் வந்தா என்ன செய்யதுக்கு? தம்பிக்குக் காப்பி கொண்டாரேன்" என்று மதினி பேச்சை மாற்றப் பார்த்தாள். பேத்தி விடவில்லை.

"இன்னொரு சமன்பாடு வேணும் தாத்தா. அப்பத்தான் விடை வரும்."

அந்த இரண்டாவது சமன்பாடு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது. கொதிப்பு மாத்திரை தினம் ஒன்று, 8 ரூபாய். சர்க்கரை மாத்திரை தினம் இரண்டு, ஒன்று 16 ரூபாய். ஆக நாளைக்கு 40, மாதத்துக்கு 1,200. ஒய் என்பது 1,200 என்று ஆகிவிட்டால் எக்ஸ் 800-தான். மொய்க்கு அதற்கு மேல் இல்லை.

"மொய்யை எப்படித் தம்பி 800-ல நிறுத்த முடியும்?" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அவங்க நமக்குச் செஞ்சது நோட்டுல ஏறியிருக்கே!" வாஸ்தவம். மொய் நோட்டு என்பது ஊருக்கே பொதுவான சமன்பாடு. இடது பக்கம் வந்ததற்கு வலது பக்கம் போயாக வேண்டும். அந்த நோட்டையும் எடுத்தோம். 2023-ஆம் வருஷத்தில் 1,001 ரூபாய் எட்டுத் தடவை, 501 ரூபாய் ஐந்து தடவை. மொத்தம் 10,513. மாத்திரை வருஷத்துக்கு 14,400. இரண்டும் சேர்ந்து 24,913. "இதர"வில் வருஷத்துக்கு இருப்பதோ 24,000. துண்டு விழுவது 913 ரூபாய்.

வருஷத்துக்கு வெறும் 913 ரூபாய்! மாதத்துக்குப் பார்த்தால் 76. இத்தனை சின்னத் தொகைக்காகவா ஒரு மனுஷி மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டாள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. மொய் இல்லாத மாதங்களில் மிஞ்சிய பணம் யாருக்கும் தெரியாமல் கரைந்துவிட்டது: ஒரு விருந்தாளி, ஒரு பிளாஸ்டிக் குடம், கோயிலுக்கு ஒரு தேங்காய்ப் பழம். மொய் நிறைய வந்த மாதத்தில் மாத்திரை கரைந்தது. வருஷக் கணக்கில் கிட்டத்தட்டச் சரியாக இருந்த சமன்பாடு மாதக் கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்கிற பக்கத்தில் எப்போதும் மதினி நின்றுகொண்டிருந்தாள்.

அந்த 913-ஐத் தேடினோம். முதலில் வேன். ஷேர் ஆட்டோவில் போக வர நாளைக்கு 60 ரூபாய். ஆரியபடர் சொன்ன மாதிரியே 1,500-ஐ 60-ஆல் வகுத்தால் 25. மாதத்தில் 25 நாளுக்கு மேல் பள்ளிக்கூடம் இருந்தால் வேன் லாபம். குறைந்தால் ஆட்டோ லாபம். பள்ளிக்கூடம் இருப்பது 22 நாள். ஆகவே ஆட்டோவில் மாதம் 180 ரூபாய் மிச்சம். கணக்கு தீர்ந்தது என்று அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாம் வேண்டாம். புள்ள வேன்லயே போகட்டும். எனக்கு நெஞ்சு பதறாம இருக்கணும்" என்றாள் மதினி. சமன்பாடு அதற்கு மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சு பதறாமல் இருப்பதற்கு மாதம் 180 ரூபாய் விலை என்று அது சொல்லிவிட்டது. கொடுப்பதா வேண்டாமா என்பது மனுஷர்கள் முடிவு செய்ய வேண்டியது. கொடுக்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரைகளை இலவசமாகவே கொடுப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பென்ஷன் வாங்குதவன் வீட்டுப் பொம்பளைய அங்க வரிசையில நிப்பாட்டினா நாலு பேரு என்ன நெனப்பாக, தம்பி?" என்றார் அண்ணாச்சி. நான் பேத்தியின் நோட்டைப் பார்த்தேன். கௌரவத்துக்கும் அதில் ஒரு எண் இருந்தது: மாதம் 1,200. அதுவரையில் அந்தத் தொகையை மதினியின் உடம்பு கட்டிவந்தது.

கடைசியில் மின்சாரச் சீட்டுகள் வந்தன. 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதம் அப்போது நடப்பில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரையில் எரித்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அதற்கு மேல் 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. ஆனால் 500-ஐ ஒரு யூனிட் தாண்டிவிட்டால் 2.25 என்ற சலுகைப் படி மறைந்துவிடும். 101-லிருந்து 400 வரையில் எல்லாமே 4.50 ஆகிவிடும். அடுத்த 100-க்கு 6 ரூபாய் அப்படியே. 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய். 501 யூனிட்டுக்குக் கட்ட வேண்டியது 1,958. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

பேத்தி அதை வரைபடத் தாளில் போட்டுப் பார்த்து, "கோடு இங்க ஒடஞ்சு மேல தாவுது, தாத்தா" என்றாள். நேரிய சமன்பாட்டை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கோடு நேராகப் போகிற வரையில் பத்து யூனிட் என்பது பத்து யூனிட்தான். கோடு உடைகிற இடத்தில் பத்து யூனிட் ஒரு குடும்பத்தின் நிம்மதியாக இருக்கலாம். அண்ணாச்சி வீட்டில் முந்திய வருஷத்து ஆறு சீட்டுகளில் நான்கு 500-ஐத் தாண்டியிருந்தன, சராசரி 510. அதற்குக் கட்டியது தடவைக்கு 2,030 ரூபாய் வீதம். 500-இல் நிறுத்தியிருந்தால் தடவைக்கு 305 மிச்சம். நான்கு தடவைக்கு 1,220.

அறுபது நாளில் பத்து யூனிட் குறைப்பது எப்படி? குளிக்கிற அறையில் உள்ள வெந்நீர்க் கெய்சர் 2,000 வாட். அது ஐந்து மணி நேரம் எரிந்தால் பத்து யூனிட். அறுபது நாளில் ஐந்து மணி நேரம் என்றால் நாளைக்கு ஐந்து நிமிஷம். வெந்நீரில் குளிப்பது அந்த வீட்டில் ஒரே ஒருவர். எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

"ஒரு வாளி போதும்ங்கியளா?" என்றார் அவர், மிகவும் அடக்கமாக.

913 துண்டு விழுந்த இடத்தில் 1,220 வந்தது. போக 307 ரூபாய் மிச்சம். மறு மாதத்திலிருந்து பென்ஷன் வந்ததும் முதல் வேலையாக 1,200 மருந்துக்கு என்று தனியே போயிற்று. மொய்க்கு ஒரு டப்பா. மொய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதா மாதம் அதில் ஒரே அளவு தொகை. அண்ணாச்சியின் நோட்டில் "மருந்து" என்று ஒரு புதிய வரி, வாடகைக்கு அடுத்த வரியாக, ஏறிற்று. ஒரு எண்ணைச் சமன்பாட்டின் தெரியாத பக்கத்திலிருந்து தெரிந்த பக்கத்துக்குக் கொண்டு போனோம். நடந்தது அவ்வளவுதான்.

அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எக்ஸ் எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். "ராமனின் வயது எக்ஸ் என்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். குடும்பத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. எல்லாச் செலவுக்கும் எண் கொடுத்துவிட்டு, எதற்கு எண் கொடுக்கவில்லையோ அதை எக்ஸாக விட்டுவிடுகிறார்கள். எண் கிடைப்பது யாருக்கு? வீட்டுக்காரருக்கு எண் உண்டு. அவர் கேட்டுக்கொண்டு வந்து நிற்பார். சீட்டுக்காரருக்கு உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் பால்காரருக்கும் உண்டு. குரல் கொடுத்துக் கேட்கிறவர்களுக்கெல்லாம் எண் உண்டு. கேட்காதவர்கள் மீதியில் ஜீவிக்கிறார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள்; பரிமாறினவர்களும் சமைத்தவர்களும். சாம்பார் இருந்தால் ரசம் இராது. ரசம் இருந்தால் அப்பளம் இராது. "எவ்வளவோ அவ்வளவு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். கடைசிப் பந்தியில் யார் உட்காருகிறார்களோ அவர்கள்தாம் அந்த வீட்டின் எக்ஸ்.

இது பெண்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. அவர்கள் இதற்குப் பதில் சமன்பாடு ஒன்று வெகு காலமாக வைத்திருக்கிறார்கள். அதற்குச் சிறுவாடு என்று பெயர். மளிகைக்குக் கொடுத்ததில் பத்து, காய்கறிக்குக் கொடுத்ததில் ஐந்து என்று எடுத்து அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் மறைத்து வைக்கிற பணம். ஆண்களுடைய கணக்கில் அது எங்கும் தென்படாது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனையோ வீடுகளில் அந்த மறைந்த எண் ஒரே இரவில் வெளியே வந்துவிட்டது. "உனக்கு ஏது இவ்வளவு பணம்?" என்று புருஷர்கள் ஆச்சரியப்பட்டார்கள், சிலர் கோபமும் பட்டார்கள். அந்தப் பணத்தை ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. தனக்கென்று ஒரு எண் கிடைக்காதவர் திருட்டுத்தனமாக ஒரு எண்ணை உண்டாக்கிக்கொண்டார், வேறென்ன?

சமன்பாடு போட்டால் பணம் பெருகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டாயிரம் ரூபாய் வருமானத்தில் ஐந்து பேர் பிழைக்கிற வீட்டில் எந்த ஆரியபடர் வந்து வகுத்தாலும் விடை ருணம்தான். அங்கே வேண்டியது கணக்கு வாத்தியார் அல்ல, கூலி உயர்வு. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று அவர்களிடம் போய் உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. ஆற்றில் போடுவதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது? ஆனால் சுமாராக வருகிற, சுமாராகப் போகிற வீடுகள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் தட்டுப்பாடு எங்கே விழ வேண்டும் என்பது பெரும்பாலும் யாரும் தீர்மானிக்காமல், தானாகவே, ஒரே ஆள் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. அதை நோட்டில் எழுதிப் பார்த்தால் மறுபடியும் அதே ஆள் மேல் போடுவதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

ஆகவே, அடுத்த மாதம் முதல் தேதியன்று நீங்கள் வரவு செலவு எழுத உட்காரும்போது பாலையும் வாடகையையும் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். அவை எங்கும் ஓடிப்போகாது. முதலில் "இதர" என்ற வரியைத் திறந்து, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர் பெயரைத் தனி வரியில் எழுதி, பக்கத்தில் ஒரு தொகையையும் எழுதிவிட்டால், அப்புறம் எக்ஸாக இருக்க வேண்டியவை வீட்டில் எவ்வளவோ இருக்கின்றன: தாத்தாவின் இரண்டாவது வாளி வெந்நீர் மாதிரி.